தொட்டிக் கடலைத் தூய்மை செய்த வரலாறு

தருமபுரிக்கும் கடலுக்கும் வெகுதூரம். நேர்க்கோட்டில் அளந்தாலும் புதுச்சேரிக் கடற்கரை ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. எனவே, இம்மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வகத்தில் 200 லிட்டர் கொள்ளும் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைக்கப்பட்டபோது, கடலையே பார்த்திராத மாணவர்கள் பலர் அதன் முன் வந்து நின்றதில் வியப்பில்லை. சென்னை கொளத்தூரிலிருந்து வாங்கி வந்த வண்ண மீன்களும், சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு ஒன்றும் அதில் இருந்தன.

கோடை விடுமுறை வந்தது. தொட்டியைக் கவனிப்பார் இல்லை. விளக்கு இரவும் பகலும் எரிந்தது. திரும்பி வந்து பார்த்தபோது கண்ணாடி தெரியாத அளவுக்குப் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. கற்களின்மேல் தலைமயிர் போலப் பாசி இழைகள் தொங்கின. நீர்மட்டம் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. ஒரு மீனும் துறவி நண்டும் மட்டும் உயிருடன் இருந்தன.

தொட்டியின் பம்பையும் விளக்கையும் பழுதுபார்த்துத் தந்தவன் என்ற முறையில், இயற்பியல் துறையைச் சேர்ந்த என்னிடம் யோசனை கேட்டார்கள். நானும் தயங்காமல் சொன்னேன். எஞ்சிய மீனையும் நண்டையும் வாளிக்கு மாற்றினோம். பழைய நீர் முழுவதையும் கொட்டினோம். மணலையும் கற்களையும் சலவைத்தூள் கரைசலில் ஊறவைத்து, பலமுறை அலசி, வெயிலில் காயவைத்தோம். கற்கள் வெள்ளை வெளேரென்று ஆயின. புதிய உப்புநீர் நிரப்பி, பழைய இரண்டு உயிர்களுடன் புதிதாக ஐந்து மீன்களையும் விட்டோம். நீர் பளிங்கு போல இருந்தது. ஆனால் இரண்டு வாரத்திற்குள் ஆறு மீன்களும் மடிந்தன.

ஆய்வக உதவியாளர் என்னிடம் சொன்ன சொற்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன: “பச்சையா இருந்தப்போ உயிரோட இருந்துச்சு சார். வெளுத்ததுக்கு அப்புறம்தான் செத்துப்போச்சு.”

அவர் கூற்றுக்கு என்னிடம் அன்று விடை இல்லை. விடையைத் தேடிப் போனபோது, நாங்கள் செய்த பிழை பழைய பிழை என்றும், அதைப் புரிந்துகொள்ள விஞ்ஞானத்திற்கே நெடுங்காலம் பிடித்தது என்றும் தெரியவந்தது. அந்த வரலாறே இக்கட்டுரை.

சாளரத்தருகே ஒரு பணிப்பெண்

கடல் உயிர்களைக் கடலுக்கு வெளியே வளர்த்து ஆராய முனைந்தவர்களுள் முதலில் குறிப்பிடத்தக்கவர் ழான் வில்ப்ரூ-பவர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. தையற்கலைஞராக வாழ்க்கையைத் தொடங்கிய இவர், சிசிலித் தீவின் மெஸினா நகரில் குடியேறி, 1832 முதல் கண்ணாடித் தொட்டிகள் அமைத்து, ஆர்கனாட் என்னும் எண்காலிகளை வளர்த்தார். அவ்வுயிர் தன் ஓட்டைத் தானே உண்டாக்குகிறதா, பிற உயிரின் ஓட்டைக் கைப்பற்றுகிறதா என்ற நெடுநாள் வழக்கை அவருடைய தொட்டிகளே தீர்த்துவைத்தன. தானே உண்டாக்குகிறது என்பதே விடை. ஆனால் அவருக்குக் கடல் வாசலிலேயே இருந்தது.

கடலிலிருந்து தொலைவில் வாழ்ந்தவர் ஆனா தின் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி. 1846-ல் இவர் டார்க்கி கடற்கரையிலிருந்து உயிருள்ள பவழங்களை ஒரு ஜாடியில் லண்டனுக்குக் கொண்டுவந்தார். கைவசம் இருந்த கடல்நீரோ கொஞ்சம். அதைப் புதுப்பிக்க அவர் கண்ட வழி எளிது. நாள்தோறும் திறந்த சாளரத்தருகே நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு நீரை மாற்றி மாற்றி ஊற்றவேண்டும். நாம் டீ ஆற்றுவது போலத்தான். அரைமணி நேரத்திற்கும் மேலாக இந்த வேலையைச் செய்தவர் அவர் வீட்டுப் பணிப்பெண். அடுத்த ஆண்டு கடற்பாசிகளையும் நீரில் சேர்த்தார். பவழங்கள் மூன்று ஆண்டுகள் வரை உயிர்வாழ்ந்தன.

ஊற்றும்போது நீர் மெல்லிய ஏடாகவும் துளிகளாகவும் பிரிகிறது. காற்றைத் தொடும் பரப்பு பன்மடங்கு பெருகுகிறது. ஆக்சிஜன் விரைந்து கரைகிறது. இன்று மின்பம்பு குமிழி விட்டுச் செய்வதை அன்று ஒரு பெண்ணின் இரு கைகள் செய்தன. பணிப்பெண் என்ற அளவிலேயே வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது.

தந்தை கண்ட சமநிலை

அடுத்த படியில் ஏறியவர் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலறிஞர். இவர் லண்டன் மருந்தாளர் கழகத்தில் பணிபுரிந்தவர். 1849-ல் ஒரு தொட்டியில் நன்னீர் நிரப்பி, இரண்டு தங்கமீன்களையும், வாலிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் வைத்தார். மீன் வெளிவிடும் கரியமிலவாயுவைத் தாவரம் ஏற்கும். தாவரம் வெளிவிடும் ஆக்சிஜனை மீன் ஏற்கும். நீரை மாற்றவே வேண்டாம் என்பது அவருடைய எண்ணம்.

ஆனால் சில காலத்திற்குள் இலைகள் அழுகின. நீர் கலங்கியது. கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்தது. வாரிங்டன் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவவில்லை. குளத்தில் இந்த அழுக்கை யார் நீக்குகிறார்கள் என்று யோசித்தார். குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகிய இலையையும் பாசியையும் மேய்ந்தன. அவை இட்ட முட்டைகள் மீனுக்கு உணவாயின. நீர் தெளிந்தது. 1850-ல் இதை வெளியிட்ட அவர், பின்னர் கடல்நீரிலும் இதே முறையைக் கையாண்டார்.

1853-ல் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. 1854-ல் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய ‘அக்குவேரியம்’ என்ற நூல் அச்சொல்லைப் பிரபலமாக்கியது. கடற்கரைக்குப் போக இயலாதவர்களுக்காகச் சமையல் உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகியவற்றைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் காஸ் வெளியிட்டார். தருமபுரியில் நாம் பொட்டலத்து உப்பைக் கரைத்துக் கடல்நீர் செய்வதற்கு அதுவே முன்னோடி.

இங்கிலாந்தில் நடுத்தரக் குடும்பங்களின் கூடங்களில் தொட்டிகள் இடம்பெற்றன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை வெயில்படும் சாளரத்தருகே வைக்கப்பட்டு, பச்சையாகி, நாற்றமெடுத்து, கொட்டப்பட்டன. 1860களில் அந்த மோகம் தணிந்தது. வாரிங்டனின் சமநிலைக் கொள்கையில் ஏதோ ஒரு கண்ணி விடுபட்டிருந்தது.

இருட்டறையின் இரகசியம்

விடுபட்ட கண்ணியை, அது இன்னதென்று அறியாமலேயே பயன்படுத்தியவர் வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிட். புத்தகம் கட்டும் தொழிலாளியாக இருந்து, பிறகு லண்டனில் கடல்வாழ் உயிர்கள் விற்கும் கடை நடத்தியவர் இவர். ஹாம்பர்க் நகரில் 1864-லும், லண்டன் கிரிஸ்டல் பாலஸில் 1871-லும் திறக்கப்பட்ட பெரிய காட்சியகங்களின் அமைப்பில் இவருடைய கை இருந்தது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஆன்டன் டோர்ன் நிறுவிய விலங்கியல் நிலையத்தின் காட்சியகமும் இவருடைய திட்டப்படி அமைந்து 1874-ல் திறக்கப்பட்டது.

லாயிடின் முறை இதுதான். காட்சித் தொட்டிகளுக்குக் கீழே, அவற்றில் உள்ளதைப் போலப் பல மடங்கு நீர் கொள்ளும் நிலவறைத் தேக்கம் ஒன்று இருக்கும். அங்கே வெளிச்சம் புகாது. பம்புகள் நீரைத் தேக்கத்திலிருந்து மேலேற்றும். அது தொட்டிகள் வழியே ஓடி, மீண்டும் இருட்டுக்கே திரும்பும். பச்சையாகிப்போன நீரை இருட்டில் தேக்கி வைத்தால் சில நாட்களில் தெளிவதையும் அவர் கண்டிருந்தார்.

பாசிக்கு ஒளி வேண்டும். ஒளியை மறுத்தால் பாசி ஒடுங்கும். இதுவரை எளிது. ஆனால் மீன்களின் கழிவு எங்கே போயிற்று? தாவரமே இல்லாத இருட்டில் நீரைத் தூய்மை செய்தது யார்? இக்கேள்விக்கு விடை மீன் தொட்டியிலிருந்து வரவில்லை. உழவு நிலத்திலிருந்து வந்தது.

மகன் கண்ட உயிர்கள்

1877-ல் பாரிஸில் ஷ்லோசிங், மியுன்ட்ஸ் என்னும் இருவர் ஒரு சோதனை செய்தனர். ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் மணலும் சுண்ணாம்புத் தூளும் நிரப்பி, அதன் வழியே சாக்கடை நீரை மெல்லக் கசியவிட்டனர். இருபது நாட்கள் வரை ஒரு மாறுதலும் இல்லை. உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. பின்னர் திடீரென்று நைட்ரேட் தோன்றியது, அம்மோனியா மறைந்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றுபோயிற்று. பிறகு சிறிது மண் கரைத்த நீரை ஊற்றியபோது மீண்டும் தொடங்கியது. மயக்கமருந்துக்குக் கட்டுப்படுவது வெறும் வேதிவினையாக இருக்க முடியாது. உயிருள்ள ஏதோ ஒன்று அம்மணலில் குடியேறியிருந்தது.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணை ஆய்வுக்கூடத்தில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தவரின் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். தங்கமீன் தொட்டி வைத்த வாரிங்டனின் மகன்! அவர் இரண்டு உண்மைகளைக் கண்டார். முதலாவது: வேலை இரண்டு கட்டங்களில் நடக்கிறது. அம்மோனியா முதலில் நைட்ரைட் ஆகிறது; பின்னர் நைட்ரைட் நைட்ரேட் ஆகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நுண்ணுயிர். இரண்டாவது: இவ்வேலை இருட்டில் நன்கு நடக்கிறது, ஒளி இதற்குத் தடை. அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. அதை 1890-ல் சாதித்தவர் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி.

லாயிடின் இருட்டுத் தேக்கம் ஏன் வேலை செய்தது என்பதற்கு இதில் விடை இருக்கிறது. மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளிவிடுகின்றன. அது மீனுக்கே நஞ்சு. தேக்கத்தின் சுவர்களிலும் கற்களிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட் ஆக்கி, பின்னர் அவ்வளவாகக் கேடு செய்யாத நைட்ரேட் ஆக்குகின்றன. தந்தை தம் தொட்டியில் ஆக்சிஜனையும் கரியமிலவாயுவையும் எண்ணினார், நைட்ரஜனை எண்ணவில்லை. மகன் நைட்ரஜனை எண்ணினார். ஆனால் உழவு நிலத்தைப் பார்த்தார். ஒரே குடும்பத்தில் கேள்வியும் விடையும் இருந்தும், மீன் வளர்ப்போர் அவ்விரண்டையும் பரவலாக இணைத்துப் பார்க்க இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டவேண்டியிருந்தது.

கதை அங்கும் முடியவில்லை. மீன் தொட்டிகளில் இரண்டாம் கட்ட வேலையைச் செய்வது, பாடநூல்கள் சொல்லிவந்த நைட்ரோபாக்டர் அன்று, நைட்ரோஸ்பைரா என்று 1998-ல் தெரியவந்தது. 2015-ல் இரு ஆய்வுக் குழுக்கள் இரண்டு கட்டங்களையும் தனியாகவே முடிக்கும் நுண்ணுயிரைக் கண்டுபிடித்தன. அவற்றுள் ஒரு குழு அதைக் கண்டது மீன் வளர்ப்புத் தொட்டி ஒன்றின் வடிகட்டியில்!

சென்னை மெரினாவில்

நம் நாட்டின் முதல் கடல்மீன் காட்சியகம் சென்னை மெரினா கடற்கரையில் 1909 அக்டோபர் 21 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆசியாவிலேயே முதலாவது என்று இதைச் சொல்வதுண்டு. ஆனால் ஜப்பானின் கோபே நகரில் 1897-லேயே ஒன்று இருந்தது. மெரினாக் காட்சியகத்துக்கு வித்திட்டவர் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பையும் கடல் உயிர்களையும் ஆராய்ந்தவர் அவர். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஹெண்டர்சன், சாலஞ்சர் கப்பற்பயணத்தில் சேகரித்த துறவி நண்டுகளையும் அவற்றின் இனத்தவற்றையும் பற்றி 1888-ல் அறிக்கை எழுதியவர்.

அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், மிருகக்காட்சிச்சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சென்னை மக்கள் வேடிக்கையாக அழைத்தனர். செத்த காலேஜைச் சேர்ந்தவர்கள் உயிருள்ள கடலைக் காட்ட முன்வந்தது எளிய காரியமன்று. 10 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் சுமார் 6 மில்லிகிராம் மட்டுமே. வெப்பம் கூடினால் மீனின் மூச்சும் கழிவும் கூடுகின்றன. அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடுகிறது. குளிர்நாட்டுத் தொட்டியில் ஒரு வாரம் பொறுக்கும் அலட்சியத்தை வெப்பநாட்டுத் தொட்டி பொறுக்காது.

1919-ல் மெரினாக் காட்சியகம் மீன்துறையின் பொறுப்புக்கு வந்தது. 1942-ல், ஜப்பானியர் குண்டு வீசுவர் என்ற அச்சத்தில் நகரமே காலியானபோது மூடப்பட்டது. முப்பத்துமூன்று ஆண்டுகள் நடந்ததை நிறுத்த ஒரு குண்டுகூட விழவேண்டியிருக்கவில்லை. நீர் இறைக்கும் கைகளும் இரை போடும் கைகளும் விலகினால், கட்டடம் நின்றாலும் காட்சியகம் நிற்காது. அதன் பிறகு மும்பையில் 1951-ல் திறக்கப்பட்ட தாராபோர்வாலா காட்சியகம் நெடுங்காலம் புகழுடன் விளங்கி, பழுதடைந்து, புதுப்பிக்கப்பட்டு 2015-ல் மீண்டும் திறக்கப்பட்டதும் இங்கு நினைக்கத்தக்கது. தொட்டிக் கடலை ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிட முடியாது.

மீண்டும் எங்கள் தொட்டி

இப்போது உதவியாளரின் கேள்விக்கு விடை சொல்லலாம். பச்சையாகிப்போன எங்கள் தொட்டி பார்க்க அருவருப்பாக இருந்ததே தவிர, செத்த தொட்டி அன்று. கற்களின் உள்ளே நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றிக்கொண்டிருந்தன. பாசியும் தன் பங்குக்கு அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. வால்டர் ஏடி என்னும் அமெரிக்க அறிஞர் 1980களில் பாசியைத் தனித் தட்டில் வளர்த்து, அதைக்கொண்டே பவழத் தொட்டிகளைத் தூய்மை செய்து காட்டினார் என்பதை இங்கு நினைவுகூரலாம். நாங்களோ சலவைத்தூளால் நுண்ணுயிரையும் பாசியையும் ஒருசேர அழித்தோம். அத்துடன் நில்லாமல் ஆறு மீன்களையும் விட்டோம். கண்ணுக்குத் தெரிந்த அழுக்கு போயிற்று. கண்ணுக்குத் தெரியாத துப்புரவாளர்களும் போயினர். நீர் தெளிவாக இருந்தது, ஏனெனில் அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது.

எஞ்சியிருந்தது துறவி நண்டு மட்டுமே. அதை வைத்துக்கொண்டே இரண்டாம் முறை தொடங்கினோம். பாதி நீரை மாற்றினோம். ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்த்து வாலை வடிநீரில் உப்பைக் கரைத்தோம். கிணற்று நீரில் கரைந்துள்ள பொருள்கள் பாசிக்கு உரமாகக் கூடும். ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. திரவமானியில் ஒப்படர்த்தி 1.025. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு அன்று. ஆகையால் குறைந்த மட்டத்தை உப்பில்லாத நீரால் நிரப்பவேண்டும். விடுமுறையில் நீர்மட்டம் இறங்கியபோது தொட்டி நாளுக்கு நாள் உப்புக் கூடி வந்தது இதனால்தான்.

புதிய மீன் எதையும் விடவில்லை. நாள்தோறும் அம்மோனியாவைச் சோதித்து, உதவியாளர் ஒரு நோட்டில் குறித்துவந்தார். முதலில் அம்மோனியா ஏறியது. ஏற்றம் மிகும்போதெல்லாம் நண்டுக்காகக் கொஞ்சம் நீரை மாற்றினோம். பிறகு அம்மோனியா இறங்கி, நைட்ரைட் ஏறியது. ஆறாவது வாரத்தில் இரண்டுமே காணாமற்போயின. ஷ்லோசிங், மியுன்ட்ஸ் இருவரும் இருபது நாட்கள் பொறுமையாகக் காத்திருந்த அதே மாற்றம் எங்கள் கண்முன் நிகழ்ந்தது. அதன் பிறகே ஒரு மீனை விட்டோம். ஒரு மாதம் கழித்து இன்னொன்றை.

பாசி மீண்டும் வந்தது, வராமல் இராது. இம்முறை நாங்கள் பதறவில்லை. விளக்கு எரியும் நேரத்தை எட்டு மணியாகக் குறைத்தோம். இரையைக் குறைத்தோம். நீண்ட இழைகளைக் கையால் பிடுங்கி எறிந்தோம். பிடுங்கிய ஒவ்வொரு பிடியோடும் அது உண்ட நைட்ரேட்டும் வெளியேறுகிறது. வாரிங்டன் செய்தது போல நத்தைகளை விட்டோம். கற்களை மட்டும் வெயிலில் காயவைக்கவில்லை.

இவ்வாண்டு கோடை விடுமுறைக்கு முன் துறைக் கூட்டத்தில் ஒரு முடிவு எழுதப்பட்டது. விடுமுறையில் வாரம் இருமுறை வந்து தொட்டியைப் பார்க்கும் உதவியாளருக்கு அந்த நாட்களுக்குரிய ஊதியம் தரப்படவேண்டும் என்பதே அது. தொட்டியின் அருகில் மாட்டியுள்ள அட்டையில் மீன்களின் பெயர்களுக்குக் கீழே அவருடைய பெயரையும் எழுதி வைத்திருக்கிறோம்.